மணலும் சைகையும்: திருநெல்வேலித் தொடக்கப் பள்ளிகளில் குழந்தையின் படைப்பாற்றல்

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் எவரும் பள்ளிகளைப் பற்றிக் கூறாமல் விட்டதில்லை. எந்த ஊரில் எந்த மிஷனெரி பள்ளி கட்டினார், எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர், அவர்களுள் எத்தனை பேர் உபதேசியார்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தனர் என்னும் செய்திகள் ஆண்டறிக்கைகளில் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் அப்பள்ளிகளின் ஓலைக் கூரையின்கீழ் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்னும் வினாவை நாம் அதிகமாகக் கேட்டதில்லை. அது பிறர் சொன்னதைத் திரும்பச் சொல்லிற்றா, தானாக ஒன்றைச் சொல்லவும் செய்யவும் இடம் பெற்றதா? குழந்தையின் படைப்பாற்றல் என்று இக்காலக் கல்வியாளர் பேசுவது புதிய சொல்லாயிருக்கலாம், பொருள் புதியதன்று. தாமிரபரணிக் கரையில் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தாளாளர் பொறுப்பை ஏற்கவிருக்கும் குருமாணவர்கள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

திண்ணையில் இருந்தது என்ன?

மிஷனெரிகள் வருமுன் இந்நாட்டில் கல்வியே இல்லை என்னும் எண்ணம் நம் சபைகளில் இன்னும் சிலரிடம் உண்டு. அது சரியன்று. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 1,88,000 பிள்ளைகள் படித்தனர். இந்த ஆவணங்களைத் தரம்பால் 1983-இல் நூலாக வெளியிட்ட பிறகு அவை பலராலும் பேசப்படுகின்றன. ஆனால் பேசுவோர் பலர் அதே ஆவணத்தின் மற்றொரு பக்கத்தை மெல்லக் கடந்துவிடுகின்றனர். அத்திண்ணைகளில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. பறையர், பள்ளர் பிள்ளைகளுக்குத் திண்ணை பொதுவாக மூடியே இருந்தது. பனையேறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது எளிதில் கிட்டவில்லை.

திண்ணைப் பள்ளியின் பயிற்சி பெரும்பாலும் நினைவாற்றலைச் சார்ந்தது. விடியற்காலையில் வந்து முதல்நாள் பாடத்தை முறை சொல்ல வேண்டும். பின்பு மணலில் விரலால் எழுத வேண்டும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று வரிசையாக மனத்தில் ஏற்ற வேண்டும். பிழைத்தால் பிரம்பு, கூரையிலிருந்து தொங்கவிடும் கோதண்டமும் உண்டு. இதைப் படித்தவுடன், இங்கே படைப்பாற்றலுக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். எண்சுவடிக் கல்வியை ஆராய்ந்து 2022-இல் நூல் வெளியிட்ட செந்தில் பாபு, அந்த மனனம் வெறும் கிளிப்பிள்ளைப் பாடமன்று, வாழ்க்கைக் கணக்குகளை மனத்திலேயே போட்டு முடிக்கும் திறனுக்கு அடிப்படையாயிருந்தது என்று காட்டுகிறார். கணக்கதிகாரம் போன்ற நூல்களில் பலாப்பழத்தை அறுக்காமலே அதற்குள் எத்தனை சுளை என்று கணிக்கும் செய்யுட்கணக்குகள் உண்டு. அவை விடுகதையின் வடிவில் அமைந்தவை. விடுகதை கேட்ட பிள்ளை அடுத்த நாள் தானும் ஒரு விடுகதை கட்டும் என்பது கிராமத்தில் வளர்ந்தோர் அறிந்ததே. நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் கோலாட்டமடித்துப் பாடி, வீடு வீடாகச் சென்று ஆசிரியருக்குப் பணம் திரட்டுவதும் வழக்கமாயிருந்தது. ஆகத் திண்ணையில் ஒப்பித்தலும் இருந்தது. விளையாட்டும் பாட்டும் புதிரும் இருந்தன. அது யாருக்குத் திறந்திருந்தது என்பதே அதன் பெருங்குறை.

மணல் கடல் கடந்து போயிற்று

இத்திண்ணையின் ஒரு கூறு இங்கிலாந்துக்குச் சென்ற கதை நம் மாணவருக்கு ஓரளவு தெரியும். ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர் 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவ வீரரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்த முயன்றார். வளர்ந்த ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக்கொண்டு சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை முறையே இது. பெல் தம் அநுபவத்தை 1797-இல் இலண்டனில் நூலாக அச்சிட்டார். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியக் கல்விச் சங்கம் அமைந்தபோது அவருடைய முறையையே கைக்கொண்டது. ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அவ்வாறு எழுத்தறிந்தனர்.

இதைச் சொல்லி நாம் பெருமைப்படுவது வழக்கம். என் கருத்து சற்று வேறு. பெல் திண்ணையிலிருந்து எடுத்துச் சென்றது அதன் சிக்கனத்தை. ஓர் ஆசிரியர், பல சட்டாம்பிள்ளைகள், காகிதமில்லாத எழுத்து. ஆகவே செலவு குறைவு. விடுகதையும் செய்யுட்கணக்கும் கோலாட்டமும் அவர் பெட்டியில் ஏறவில்லை. கடல் கடந்த முறை மீண்டும் மிஷன் பள்ளிகளின் வாயிலாக நம் நாட்டுக்குத் திரும்பியபோது, வரிசை, கட்டளை, ஒப்பித்தல் என்னும் எலும்புக்கூடாகவே வந்து சேர்ந்தது.

பாளையங்கோட்டையில் மிஷன் கல்வியின் தொடக்கம் இதற்கு முந்தியது. 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையார் பள்ளியொன்றை நடத்தினார் என்று திருச்சபை மரபு கூறும். 1816-இல் படைவீரரின் சிற்றாலயக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் பள்ளிகளைத் தொடங்கினார். 1820-இல் இரேனியஸ் ஐயர் வந்தார். அவர் சபைகள் தோறும் பள்ளி வைத்தார் என்பதுடன், தமிழில் பூமிசாஸ்திர நூலை 1832-இல் எழுதினார் என்பதும் நினைக்கத்தக்கது. பனங்காட்டுப் பிள்ளை ஒன்று தன் ஊரைத் தாண்டிய உலகத்தைத் தன் மொழியில் அறியலாயிற்று. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல். எந்தத் திண்ணை அந்தப் பிள்ளையைப் படியேற விடவில்லையோ, அதற்கு மாற்றாக ஒரு கூரை எழுந்தது. ஆயினும் கூரையின்கீழ் நடந்த பாடம் பெரும்பாலும் வினாவிடை. வினாவும் அச்சிட்டது, விடையும் அச்சிட்டது. பிள்ளை கேட்கும் வினாவுக்கு அங்கே கோடிட்ட இடம் இல்லை.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து, பன்னிரண்டாம் வயதளவில் சுவார்ட்ஸ் ஐயருடன் தஞ்சைக்குச் சென்று, அங்கே ஆசிரியரான வேதநாயகம் சாஸ்திரியார் அதைக் காட்டினார். அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி குறவஞ்சி நாடகத்தின் கட்டமைப்பில் கிறிஸ்தவ உபதேசத்தைச் சொல்வது. அவ்வளவோடு நிற்காமல் பூகோளத்தையும், சூரியனைப் பூமி சுற்றுகிறது என்னும் புதிய வானசாஸ்திரத்தையும் பாட்டாக்கிற்று. குறத்தி ஊரூராகச் சுற்றியவள்; அவள் வாயில் தேசங்களின் பெயரை வைப்பது எவ்வளவு பொருத்தம்! சிற்றாறு பாயும் குற்றாலத்தில் எழுந்த ஒரு நாடக மரபு இவ்வாறு பாடப்புத்தகமாயிற்று. அவர் பிற்காலத்தில் புதிய மிஷனெரிகளோடு வழக்காடியபோது, தமிழிசைக்காக வாதாடியதோடு சாதி வேற்றுமைக்கும் சேர்த்தே வாதாடினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரேனியஸின் பக்கத்தில் சமத்துவம் இருந்தது. சாஸ்திரியாரின் பக்கத்தில் பாட்டு இருந்தது. இரண்டும் ஒரே வகுப்பறையில் சேராமற் போனது நம் கல்வி வரலாற்றின் துயரம் என்றே கருதுகிறேன்.

தலைக்கு இவ்வளவு ரூபாய்

1854-ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கைக்குப்பின் மிஷன் பள்ளிகள் அரசு மானியம் பெறத் தொடங்கின. 1860-களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்னும் முறை வந்தது. ஆண்டுக்கொருமுறை ஆய்வாளர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று மானியம் கணக்கிடப்படும். 1882-இல் ஹண்டர் குழுவும் தொடக்கப் பள்ளிகளுக்கு இதையே பரிந்துரைத்தது.

ஏழைச் சபைகளின் பள்ளிகளுக்கு இம்மானியம் உயிர்மூச்சு. ஆகவே ஆய்வாளர் வரும் நாளே ஆண்டின் திருநாள். அந்நாளில் விலைபோகாத எதையும் ஆசிரியர் கற்பிக்க முடியவில்லை. பாட்டுக்கு மானியம் குறைவு, கதைக்கு இல்லை, மண்ணில் பொம்மை செய்யும் பிள்ளைக்கோ அடிதான் மிச்சம். ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருடைய சம்பளமே அந்தத் தலைக்கணக்கில் தொங்கிற்று. இந்த முறையைக் கைவிட வேண்டுமென்று 1904-இல் இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் கூறியது. முறை போயிற்று, பழக்கம் போகவில்லை. நம் ஞாயிறு பள்ளித் தேர்வுகளில் மனப்பாட வசனத்துக்கு எத்தனை மதிப்பெண், பிள்ளை தானே சொல்லும் கதைக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆயருக்கு இது விளங்கும்.

ஒப்பிக்க இயலாத பிள்ளைகள்

இந்நிலையில் பாளையங்கோட்டையில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. அதைக் கொண்டுவந்தது எந்தக் கல்விக் குழுவும் அன்று.

சாராள் தக்கர் அம்மையார் நோயுற்ற உடலோடு இங்கிலாந்தில் வாழ்ந்தவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் சர்ச் மிஷனெரி சங்கச் செயலராயிருந்த தம் சகோதரரின் வாயிலாக நம் பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டறிந்து அவர்களுக்காகவே எழுதினார், பணம் திரட்டினார். அவர் நினைவாகப் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுவிக்கும் நிலையம் உருவாயிற்று. அது 1895-இல் கல்லூரியானது. அதன் சூழலில்தான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், செவித்திறனற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கினார். ஆஸ்க்வித் அம்மையாரின் முயற்சியால் பார்வையற்றோர் பள்ளி 1890-இல் எழுந்தது. (பார்வையற்றவர் கற்பதற்கு மட்டுமன்று, கற்பிப்பதற்கும் பாளையங்கோட்டை முன்பே சான்று கண்டிருந்தது. 1844 முதல் இங்கே ஆங்கிலப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் குரூக்‌ஷாங்க்ஸ் பார்வையற்றவர். பிற்காலத்தில் பெயர்பெற்ற டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர் அவருடைய மாணவர்.)

செவித்திறனற்ற பிள்ளையிடம் முறை சொல்லுதல் செல்லாது. வினாவிடையை உரக்கப் படித்துக் காட்டினால் அது காதில் விழாது. நூறாண்டாக மிஷன் பள்ளி எதன்மேல் நின்றதோ, அந்த ஒப்பித்தல் இங்கே ஒரே நாளில் பயனற்றுப்போயிற்று. ஆசிரியை என்ன செய்வார்? பொருளைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். படம் வரைய வேண்டும். நடித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை தன் கையால் என்ன சொல்ல முயல்கிறது என்று உற்றுக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் மேல்நாட்டுக் கல்வியாளர் கூட்டம் சைகைக்கு எதிராயிருந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு, செவித்திறனற்றோருக்கு வாய்ப்பேச்சு ஒன்றையே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்திருந்தது. ஐரோப்பாவின் பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. பாளையங்கோட்டையிலோ சைகையும் விரலெழுத்தும் வகுப்பறையில் இடம்பெற்றன. கிராமங்களில் தனித்தனியே ஊமை என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகள் ஓரிடத்தில் கூடியதும், தங்களுக்குள் ஒரு பேச்சை வளர்த்துக்கொண்டனர். மொழியை ஆக்குவதைவிடப் பெரிய படைப்புச் செயல் குழந்தைக்கு உண்டோ?

இறையியல் மாணவர் இங்கே நின்று யோசிக்க இடமுண்டு. விசுவாசம் கேள்வியினால் வரும் என்று போதித்து வந்த சபை, கேட்க இயலாத பிள்ளையைத் தன் நடுவில் ஏற்றபோது, கேள்வி என்பதற்கே பொருள் விரிந்தது. அந்தப் பிள்ளைகள் நம் ஆலயங்களில் கைகளால் ஜெபித்தனர்.

இதே காலத்தில் பொதுப் பள்ளிகளின் சிறுவர் வகுப்புகளிலும் புதுக் காற்று வீசலாயிற்று. ஜெர்மனியில் ஃபிரோபெல் 1837-இல் தொடங்கிக் குழந்தைத் தோட்டம் என்று பெயரிட்ட முறை, சென்னை மாகாணத்தில் கிண்டர்கார்டன் என்ற பெயராலேயே வழங்கிற்று. பெண் பள்ளிகளின் ஆய்வாளராயிருந்த இசபெல் பிராண்டர் அம்மையார், இந்நாட்டுப் பொருள்களையும் விளையாட்டுகளையும் வைத்து அதைக் கற்பிக்க நூல் எழுதினார். ஃபிரோபெலின் மரக்கட்டைகளை ஜெர்மனியிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. புளியங்கொட்டையும் பனையோலையும் ஆற்று மணலும் இருக்கின்றன. திண்ணையிலிருந்து போன மணல் இப்போது எழுதுவதற்காக மட்டுமன்றி வீடு கட்டி விளையாடுவதற்காகவும் வந்தது என்று சொல்லலாம்.

கை செய்யும் வேலை

கைவேலை என்றவுடன் நம் மாவட்டத்தில் ஒரு தயக்கம் எழுகிறது. அதன் காரணத்தை அறியாமல் படைப்பாற்றலைப் பற்றிப் பேசுவது வீண்.

இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிய பணி அது. பின்னல் விற்ற பணத்தில் விடுதிகள் நடந்தன. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பெண்களும் உண்டு. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தில் திக்கற்றுப்போன பிள்ளைகளை ஏற்ற நாசரேத்தில், கனோன் மர்காஷிஸ் 1878-இல் கலைத்தொழிற் பள்ளியைத் தொடங்கினார். இவை பிழைப்புக்கு வழி தந்தன, மானத்தைக் காத்தன. ஆயினும் பின்னலின் கோலம் அயல்நாட்டிலிருந்து வந்தது. பெண் பிள்ளை அதைப் பிசகாமல் பின்ன வேண்டும். தன் வீட்டு முற்றத்தில் நாள்தோறும் புதுக்கோலம் போட்ட அதே விரல்கள் வகுப்பில் மாதிரிக்கு அடங்கின. கைத்தொழில் எல்லாம் படைப்பாகாது என்பதற்கு இது போதும்.

மற்றொரு தயக்கம் சாதியைப் பற்றியது. 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்தது. 1953-இல் இராஜாஜியின் அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பயிலலாம் என்றபோது அது குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. 1954-இல் காமராஜர் அதை விலக்கினார். பனையேறியின் மகன் பாளை அரிவாளைக் கீழே வைத்து எழுதுகோலைப் பிடிக்கவே பள்ளிக்கு வந்தான். அவன் கையில் மீண்டும் ஓலையையும் நாரையும் கொடுத்தால் அவன் தகப்பனுக்குக் கோபம் வருவது நியாயமே. பத்தமடைப் பாயின் அழகை வியக்கும் நாம், அந்தக் கோரையை அறுத்து நெய்யும் குடும்பத்துப் பிள்ளையை அதிலேயே கட்டிப்போட விரும்பக் கூடாது. எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பொருளும் கிட்ட வேண்டும். நெசவாளியின் பிள்ளை படம் வரையவும், அலுவலரின் பிள்ளை மண் பிசையவும் வேண்டும்.

அதற்கும் முன்னே வயிறு இருக்கிறது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளையிடம் கற்பனையைத் தேடிய கல்வியாளர் யாவரையும்விட அவர் அதிகம் செய்தார் என்பது என் எண்ணம்.

பிற்காலச் செய்திகளைச் சுருக்கமாகக் கூறலாம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து, உலகப்போர் முடியும்வரை இந்நாட்டில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-2008-இல் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகள், தரைப்பாய், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை எனப் பிள்ளையின் வேகத்துக்கேற்ப வகுப்பு மாறிற்று. நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் கொண்டுவந்தது. அரசுப் பள்ளியின் கதைக்களம் இன்று உயிரோடிருக்கிறது.

நம் திருமண்டலங்களின் உதவிபெறும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளோ பல ஊர்களில் பிள்ளைகள் குறைந்து மெலிந்துள்ளன. பெற்றோர் ஆங்கிலவழிச் சிறுவர் பள்ளிகளை நாடுகின்றனர். அங்கே மூன்று வயதுப் பிள்ளை ஆங்கிலப் பாட்டுகளைப் பொருளறியாமல் ஒப்பிக்கிறது. கோதண்டம் இல்லை, மற்றபடி விடியற்கால முறை சொல்லுதலுக்கும் இதற்கும் வேற்றுமை காண்பது அரிது. பள்ளிப் பொறுப்பை ஏற்கும் ஆயர்கள், அவர்களோடு போட்டியிடுவதற்காக நம் பள்ளிகளையும் அவ்வாறே மாற்றிவிடலாமா என்று கேட்கின்றனர். பாளையங்கோட்டையில் செவித்திறனற்றோர் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. விடை சொல்லுமுன் அவர்கள் ஒருநாள் அங்கே போய், சிறு வகுப்பொன்றின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.